பொயட்டு வீட்டுக் கல்யாண பேனர்

“எத்தினி மணிக்கு எடுக்கறாங்கோ?”

கேன் தண்ணீர் இறக்க வந்தவன் இப்படிக் கேட்டபோது பக்தவச்சலம் கல்யாண மண்டப வாசலில் சாய்ந்துவிட்ட வாழைமரத்தை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். மண்டபத்தை எப்போது காலி பண்ணுவீர்கள் என்று கேட்கிறான் போல என நினைத்து, “ரெண்டு மணிக்கு மேல ஆவும்பா,” என்றான்.

தண்ணீர்க்காரன் எங்கள் தலைக்கு மேலே இருந்த பேனரை அண்ணாந்து பார்த்தான். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு பேருமா? சின்ன வயசா கீறாங்களே. பைக்கா?” என்றான்.

“ஆமா, மாப்ள பைக்கு வச்சிகிறாரு,” என்றான் பக்தா பெருமையாக.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேனைத் தோளுக்கு ஏற்றினான். போகும்போது பேனரைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டான். வைகாசி வெயிலில் காலையிலேயே இவனுக்கு மூளை காய்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். பக்தாவும் நானும் சிரித்தோம். சிரிக்காமல் யோசித்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. ஆனால் கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

நானும் பக்தாவும் துறைமுகத்தில் ஒரே கேங்கில் சரக்கு இறக்கியவர்கள். கந்தகம், உரம், நிலக்கரி என்று கப்பல் எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் மூக்கு வழியாகத்தான் ஊருக்குள் போகும். ஓய்வுபெற்ற பிறகும் வியாசர்பாடி குடியிருப்பில் அவன் மேல்மாடி, நான் கீழ்வீடு. என் பெயர் ரஹீம். பாய் என்றால் பிரியாணி தெரிந்திருக்கும் என்று இந்தக் கல்யாணத்துக்கு என்னை டேக்சா அண்டாப் பக்கம் காவல் போட்டிருந்தார்கள். எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பது என் பெண்டாட்டிக்குத்தான் தெரியும்.

பக்தாவை எங்கள் பக்கத்தில் ‘பொயட்டு’ என்பார்கள். ஒரு வரி எழுதினவன் இல்லை. எழுதச் சொன்னால் கோபம் வரும். “சாப்பிட்றவன்லாம் சமைக்கணுமா?” என்பான். அவன் வேலை படிப்பது மட்டும்தான். கப்பலின் அடிவயிற்றில், கிரேனின் அடுத்த ஹூக் இறங்கி வருவதற்குள் கிடைக்கிற நேரத்தில், மூட்டை மேல் உட்கார்ந்து படிப்பான். நாங்கள் பீடி பற்றவைப்போம், அவன் பக்கம் புரட்டுவான். கந்தகம் இறங்கிய நாளில் அவன் புத்தகம் மஞ்சளாகும், கரி இறங்கிய நாளில் கறுப்பாகும். அலமாரியைத் திறந்தால் எந்தக் கவிஞரை எந்தச் சரக்கோடு படித்தான் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அவனுக்கு மூன்று பேர்தான் உயிர். உப்பளத்துப் பெண் ஒருத்தி, கோடியக்கரை நாச்சி. “நாச்சி எழுத்து உப்பு மாதிரி ரஹீமு. கையளவு போட்டா கெட்டுப்பூடும், சிட்டிகை போடுவா பாரு, அதான் அளவு.” இன்னொருவர் ஆலைத் தொழிலாளி, பனித்துறைவன். “இவன் சண்ட போட்டுகினே அழுவான். அழுவறது நம்மளுக்குத் தெரியக்கூடாதுன்னு இன்னும் ஜாஸ்தியா சண்ட போடுவான்.” மூன்றாவது தாழை முத்தன். இவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் பக்தா குரல் தாழ்ந்துவிடும். “முத்தன் கையப் புடிச்சி இஸ்துகினு போவான். எங்கன்னு கேக்கக் கூடாது. போய்ச் சேந்தப்புறம் பாத்தா நம்ம வூட்டு வாசலாத்தான் இருக்கும்.”

இந்த மூன்று பேரையும் ஊரில் யாருக்கும் தெரியவில்லையே என்பது அவனுக்குத் தீராத வயிற்றெரிச்சல். கட்சி போஸ்டரில் அவர்களுக்கு இடமில்லை. பிறந்தநாள் பேனரில் சிங்கமும் புலியும்தான் நிற்கும். அப்போதுதான் எங்கள் கேங்கில் இருந்த திருவொற்றியூர் ஸ்டானிஸ்லாஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அந்த ஊர்த் தேரடிப் பக்கத்து அச்சுக்கடைக்கு எல்லோரும் போனோம். “வரி ஒண்ணு சொல்லுங்க,” என்றார் கடைக்காரர். மூட்டை தூக்குகிறவர்கள் வரிக்கு எங்கே போவோம்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பக்தா கண்ணை மூடிக்கொண்டு தாழை முத்தனைச் சொன்னான்.

உன் பெயரைச் சொல்லி விளக்கேற்றினோம்
கடல்வரைக்கும் வெளிச்சம்
எங்கள் வீட்டில் இனி இரவில்லை

கவிஞர் பெயரையும் போடுங்கள் என்று கெஞ்சினான். போட்டால் செத்தவர் பெயர் எது என்று ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். ஆனாலும் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தபோது பக்தா அடைந்த சந்தோஷத்தை, செத்தவன் வீட்டுக்கு எதிரே நின்று ஒருவன் அடையக் கூடாது. “முத்தன் சுவரேறிட்டான் ரஹீமு!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று பிடித்த வழக்கம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லிவிட்ட கையோடு பொயட்டுக்கும் ஆள் வரும். சாவு வீட்டில் யாருக்கும் வாயில் வார்த்தை வராது. அங்கேதான் இவன் கவிஞர்களுக்கு வாசல் திறந்தது. ஒருவருக்குக் கொடுத்த வரியை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டான். செத்தவர் எப்படி இருந்தார், என்ன வேலை பார்த்தார், சிரிப்பாரா, முறைப்பாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, தையல்காரன் அளவெடுப்பதுபோல் எடுத்துத்தான் வரி கொடுப்பான்.

அவன் மகள் யசோதராவின் கல்யாணம் சுலபத்தில் கூடவில்லை. அவள் திருவொற்றியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கீழ்த்தளத்தில் அரிசி, எண்ணெய் மொத்தக்கடை. அந்தக் கடைக்காரரின் மகன் அபின். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து காலூன்றிய குடும்பம். அப்பா உச்சிமாகாளி எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி மோதி இறந்த பிறகு, அம்மா சீனியம்மாள்தான் கல்லாவில் உட்காருகிறாள். மகன் காதலைச் சொன்னதும் அந்த அம்மாள் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. நாம் யார், அவர்கள் யார் என்ற பேச்சு. பெண் வீட்டில் சாமியே கும்பிடமாட்டார்களாமே, புத்தர் படம்தானாமே என்ற பேச்சு. யசோதரா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் காத்திருந்தாள். அபினும் வேறு பெண் பார்க்க வரமாட்டேன் என்று நின்றான். மெல்ல மெல்ல அந்த அம்மாள் இறங்கி வந்தாள். தாலி கட்டியாக வேண்டும், காலைப் பந்தி சைவமாக இருக்க வேண்டும் என்றாள். தாலியும் கட்டலாம், பஞ்சசீலமும் சொல்லலாம், பொங்கலும் வடையும் காலையில், டேக்சா மதியத்துக்கு என்று பக்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் பேனரில் வரி அவன் சொல்வதாக இருக்க வேண்டும், கீழே தாழை முத்தன் என்று பெயர் இருக்க வேண்டும்.

அந்த வரிதான். விளக்கேற்றின வரி.

“ஸ்டானிஸ்லாஸுக்குப் போட்டதாச்சேடா,” என்றேன் நான்.

“அது ஒரே தபா. எந்தக் காலத்துலயோ. பேப்பரு மழையில கரைஞ்சி போச்சி. ரஹீமு, அது மெய்யாலுமே கல்யாணப் பாட்டுடா. மருமவ வூட்டுக்குள்ள வர்றப்ப பாட்றது. நான்தான் அவசரத்துல அவனுக்குக் குட்த்தேன். இப்ப எம்பொண்ணுக்குத் திருப்பி வாங்கிக்கறேன்.”

மகன் பீம்ராவ் மின்ட் பக்கம் ஒரு கடையில் பேனர் அடித்து வந்தான். விடிந்ததும் நானும் அவனும் சவுக்குக் கட்டைகளில் பைண்டிங் வயர் போட்டு இழுத்துக் கட்டினோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மண்டபம் திருவொற்றியூரில். கடற்காற்று கரித்தூளையும் சேர்த்துக்கொண்டு அடித்தது. வாசலில் மல்லி விற்ற பெண் பேனரைப் பார்த்துவிட்டு, “யாருண்ணா?” என்றாள். “எங்க பொண்ணுதான்,” என்றான் பக்தா. அவள் அச்சச்சோ என்று வாயில் கையை வைத்தாள். கண்ணுபடப் போகுது என்று சொல்கிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் தண்ணீர்க்காரன் வந்தான்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் எழுந்து வாயில் வைத்தார். முதலில் தட்டோடு இறங்கியவள் சீனியம்மாள். பச்சைப் பட்டு. தட்டில் தேங்காய், பழம், நடுவில் யசோதராவுக்குக் கட்டப்போகும் கூறைப்புடவை. பட்டம்மாள், பக்தாவின் மனைவி, பன்னீர்ச் செம்போடு ஓடினாள்.

சீனியம்மாள் நாலு அடி வந்தாள். பேனரை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் மகன் படத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் போனாள். பிறகு கண் மேலே ஏறியது. வரியை வாசிப்பது உதட்டில் தெரிந்தது. தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. தேங்காய் உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அவள் எழுப்பிய சத்தத்தை என்னால் இங்கே எழுத முடியாது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“யாருல எழுதினது இத? எம் பிள்ள தலைக்கு மேல யாருல எழுதினது?”

கடைக் கூட்டாளி தேவப்பிரியம் பின்னாலேயே ஓடிவந்தார். அபினுக்குச் சித்தப்பா முறை. பேனரைப் பார்த்ததும் அவர் முகமும் செத்துவிட்டது.

“பாத்தியளா மதினி? நான் அன்னைக்கே சொன்னம்லா, இவுகளுக்கும் நமக்கும் ஒத்துவராதுன்னு? கல்யாண வாசல்ல கருமாதி எழுதிக் கட்டியிருக்கானுவ!”

பீம்ராவ் முன்னால் வந்தான். “யோவ், மருவாதியா பேசு. இன்னா கருமாதி? பொண்ணு பேரு, மாப்ள பேரு போட்டுகிது. கண்ணு தெர்ல?”

“ஏல, எங்க அண்ணாச்சி செத்தப்போ கட்டுன பேனர்ல இதே வரிதாம்ல. எழுத்து மாறல. எங்ககிட்ட விளையாடுதியளா?”

“அய்ய, சும்மா ஏன் கத்துற? அவரு சொல்றது கரீட்டுதான்,” என்றாள் மல்லிக்காரி, கூடையை நகர்த்திக்கொண்டே. “இது சாவுப் பாட்டு. மார்க்கெட்டாண்ட வாரத்துக்கு ஒண்ணு ஒட்றாங்கோ. எண்ணூரு வரிக்கும் இதான். எங்க மாமியாருக்கும் இத்தான் போட்டோம். காலீலேயே நான் கேட்டேன், எங்க பொண்ணுன்னாரு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சி.”

பக்தா பேனரைத் திரும்பிப் பார்த்தான். “சாவுப் பாட்டா? முத்தனா?” என்றான். “ஒரே ஒரு தபாதான் குட்த்தேன். ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும்தான் குட்த்தேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அச்சுக்கடைக்காரர் அந்த வரியை விடவே இல்லை. போஸ்டர் போய் பேனர் வந்து, பேனருக்குக் கம்ப்யூட்டர் வந்து, செத்த வீட்டிலிருந்து யார் வந்து வரி கேட்டாலும் அதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வியாசர்பாடியில் இருக்கிற எங்களுக்கு இது எப்படித் தெரியும்? பக்தா முட்டிவலியில் மாடியை விட்டு இறங்குவதே அபூர்வம். நான் வெளியே போனாலும் சுவரைப் பார்த்து நடப்பவன் இல்லை, பள்ளத்தைப் பார்த்து நடப்பவன்.

பக்தா கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மா, இது கெட்ட பாட்டு இல்லம்மா. ஒரு கவிஞர் எழுதினது. கல்யாணத்துக்குத்தான் எழுதினாரு.”

சீனியம்மாள் தலையை நிமிர்த்தினாள். “கவிஞரா? எந்தக் கவிஞர்? இது எம் பிள்ள எழுதினதுய்யா. அவுக அப்பாவுக்கு எம் பிள்ள எழுதினது. வாயத் தொறந்து நாலு வார்த்த பேசாத பய, அப்பன் போனப்ப இப்படி எழுதியிருக்கானேன்னு நான் அதப் பிடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். அபின்! எங்கல இருக்க? வந்து சொல்லுல!”

அபின் வேனிலிருந்து இறங்கி வந்தான். பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றான். நெற்றி முழுவதும் வேர்வை.

“சொல்லுல. நீ எழுதினதுதான?”

“இல்லம்மா.”

“என்னது?”

“நான் எழுதலம்மா. பேனர் கடையில இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல காட்டுச்சு. அப்பாவுக்கா அம்மாவுக்கான்னு கேட்டுச்சு. அப்பாவுக்குன்னேன். மொதல்ல இருக்கிறதையே போடுன்னுட்டேன். நான் அத வாசிக்கக்கூட இல்லம்மா. சித்தப்பா ஆஸ்பத்திரியில இருந்து போன் மேல போன் போட்டாவ. கைக்கு வந்ததச் செஞ்சேன்.”

“பெறவு ஏம்ல சொல்லல?”

“தினம் சாயங்காலம் கடையில விளக்கு வைக்கும்போது நீ அதச் சொல்லித்தான வைக்க. நான் என்னன்னு சொல்ல?”

சீனியம்மாள் அப்படியே தரையில் உட்காரப் போனாள். நான் ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புருஷன் இறந்ததைவிட இது பெரிய அடி என்பதுபோல் பார்வை எங்கேயோ குத்தி நின்றது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தேவப்பிரியம் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “வண்டியத் திருப்புடே. பொம்பளையளெல்லாம் ஏறுங்க. போதும் இந்தச் சம்பந்தம்.”

இறங்கியவர்கள் திரும்ப ஏறத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து யசோதரா வந்துவிட்டாள். தலை நிறையப் பூ, கையில் பாதி காய்ந்த மருதாணி, காலில் செருப்பு இல்லை. நடந்ததை அம்மா சொல்லக் கேட்டாள். அபினைப் பார்த்தாள். அவன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து நின்றான்.

“நைனா,” என்றாள் யசோதரா. குரல் உயரவே இல்லை. “எல்லாருக்கும் எடுத்துக் குட்த்த. எனக்குன்னு வேற ஒண்ணுமே மிச்சம் வைக்கலியா நைனா?”

பீம்ராவ்தான் சமாளித்தான். “யக்கா, சும்மா இரு. மின்ட்டுக்காரன்கிட்ட பேசிட்டேன். வேற வரி சொன்னா ஒடனே அடிச்சி பைக்ல அனுப்பறேன்றான். நைனா, சீக்கிரம் வேற ஒண்ணு சொல்லு. ஷோக்கா, கல்யாணத்துக்குன்னு தெரியற மாதிரி.”

பக்தாவுக்கு உயிர் வந்தது. வேறு வரியா? அவனிடம் இல்லாத வரியா? “பனித்துறைவன் போட்ரு,” என்றான். “‘ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழும், நீ சிரித்தால் தெரு எழும்.’ பொண்ணுக்கு ஏத்தது.”

பீம்ராவ் போனில் அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினான். பின்னாலிருந்து எங்கள் தெரு வேலு, கேரம்போர்டு சங்கத்துக்காரன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மாமு, அது எங்க அண்ணனுக்குப் போட்டதாச்சே.”

“ஆமால்ல,” என்றான் பக்தா. “சரி, வுடு. நாச்சி. ‘உப்பு விளையும்வரை வெயில் காத்திருந்தது, உனக்காக நானும்.’”

“அய்யோ, அது எங்கம்மாவுக்கு,” என்றாள் இரண்டாவது பிளாக் செல்வி. சொன்னவள் உடனே அழவும் தொடங்கிவிட்டாள். “எங்கம்மா அடுப்பாண்ட நின்னுகினே காத்திருக்கும்னு கேட்டுட்டுத்தானே குட்த்தீங்கோ.”

“‘தறி ஓய்ந்த பின்னும் கையில் தாளம்…’”

“எங்க தாத்தாவுக்கு.”

“‘பாதி வழியில் நிலா இறங்கி உன்னோடு நடக்கும்…’”

“கண்ணம்மா பொண்ணுக்குப் போட்டது நைனா. டெங்குல போச்சே, அதுக்கு,” என்றான் பீம்ராவே.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. வியாசர்பாடியிலிருந்து வந்த சனம் முழுக்க வாசலில் கூடியிருந்தது. பக்தா ஒரு வரி எடுப்பான், கூட்டத்திலிருந்து ஒருத்தர் தம் செத்தவரைச் சொல்வார். சிலர் அவன் முதல் அடியைச் சொன்னதுமே அடுத்த அடியைச் சொன்னார்கள். பள்ளிக்கூடமே போகாத செல்வி நாச்சியை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். இந்த ஊருக்குக் கவிதை தெரியவில்லை என்று இத்தனை வருஷம் என் காதைத் தின்றவன், ஊரே தன் கவிஞர்களை மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டான். நாச்சியிலேயே அவன் பத்திரமாக வைத்திருந்த ஒன்று. “‘கரை என்பது கடல் விட்டுக்கொடுத்த இடம்.’ இது யாருக்கும் போகல. இது எனக்குத் தெரியும்.”

பக்கத்தில் நின்ற பட்டம்மாள் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “இன்னாய்யா இப்டி சொல்ற?” என்றாள். “அது எங்கம்மாவுக்குய்யா. நீதான எழுதிக் குட்த்த.”

அவ்வளவுதான். பக்தா அங்கே கிடந்த சவுக்குக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “எல்லாத்தையும் சாவடிச்சிட்டேன் ரஹீமு. மூணு பேத்தையும் நானே சாவடிச்சிட்டேன். ஒர்த்தன கூட உசுரோட வைக்கல.” உரமூட்டை சரிந்து தோள் எலும்பு விலகிய அன்றுகூட இவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தை எல்லாமே அவன் போஸ்டரில் படித்ததுதான்.

பீம்ராவ் போனில், “வரி இன்னும் வர்ல, இரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஏய்யா, இங்க வாரும்.”

நாற்காலியிலிருந்து சீனியம்மாள்தான் கூப்பிட்டாள். அவளை எல்லோரும் மறந்தே போயிருந்தோம். பக்தா எழுந்து போய் அவள் முன்னால் குற்றவாளிபோல் நின்றான்.

“அது எங்க வீட்டுக்கு மட்டும் உள்ளதுன்னு நெனச்சிருந்தேன்,” என்றாள். “இவ்வளவு பேருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்திருக்கீரு.”

“தப்புதான்மா.”

“தப்பு, தப்பில்லன்னு நான் கேட்டனா? நான் கும்பிட்ட வரி எம் பிள்ள எழுதினதில்ல. உம்ம கையில இருந்து வந்ததுங்கீரு. அதையும் வேறொருத்தர் கல்யாணத்துக்கு எழுதினாருங்கீரு. எனக்குத் தல சுத்துது. அந்தாளு என்னத்த நெனச்சு எழுதினாரு? மிச்சமும் இருக்கா, இல்ல அம்புட்டுதானா?”

“கீதும்மா.”

“சொல்லும்.”

பக்தா மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவன் கவிதை சொல்லி நான் ஆயிரம் தடவை தூங்கியிருக்கிறேன். அன்று தூக்கம் வரவில்லை.

உன் பெயரைச் சொல்லி விளக்கேற்றினோம்
கடல்வரைக்கும் வெளிச்சம்
எங்கள் வீட்டில் இனி இரவில்லை
மணல் ஒட்டிய காலோடு உள்ளே வா, மகளே
துடைக்க வேண்டாம்
நீ நடந்த இடமெல்லாம் எங்களுக்கும் கரையாகட்டும்

முதல் மூன்று வரிக்குச் சீனியம்மாளின் உதடும் கூடவே அசைந்தது. நாலாவதிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அசைவு நின்றது. உற்றுக் கேட்டாள்.

“எழுதினது மாமியாரா?”

“மாமனாருதாம்மா.”

“அதானே பாத்தேன். மாமியா இவ்வளவு லேசுல சொல்லமாட்டா.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “இவ்வளவு நாளும் பாதியத்தான் சொல்லிட்டிருந்திருக்கேன். பாதியில நின்னா சாவாத்தான் தெரியும்.”

அவள் எழுந்தாள். அபின் கை கொடுத்தான், தட்டிவிட்டாள். ஒரு அடி போய்விட்டு, பிறகு அவளே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எழுதலன்னாலும் போய் நின்னு அடிச்சிட்டு வந்தியே, அது போதும்ல,” என்றாள். அவன் உடைந்துபோய் அழுதான்.

“தேவப்பிரியம், தட்டெல்லாம் இறக்கும்.”

“மதினி, ஊருல நாலு பேரு…”

“கடை என் பேருல இருக்கு. பிள்ள என் வயித்துல பொறந்தது. இறக்கும்னா இறக்கும்.” பீம்ராவைத் திரும்பிப் பார்த்தாள்: “தம்பி, அந்தப் பேனர அவுத்து மடிச்சு எங்க வண்டியில வையி. கீழ போடாத, பிள்ளையள் போட்டோ இருக்கு. வேற ஒண்ணும் அடிக்க வேண்டாம். வாசலு வெறுமனே கெடக்கட்டும், உள்ள போறவுகளுக்கு வழி தெரியும்.”

நானும் பீம்ராவும் வயரை முறுக்கி அவிழ்த்தோம். நாதஸ்வரக்காரர் எதை வாசிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் டேக்சாவுக்குக் காவல் நிற்கிறேன்? நீ விட்ட இடத்திலிருந்து வாசிப்பா என்றேன். யசோதரா தரையில் விழுந்த கூறைப்புடவையை எடுத்து மண்ணைத் தட்டப் போனாள். சீனியம்மாள் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டாமலே தட்டில் வைத்து, அவளை முன்னே விட்டுப் பின்னே நடந்தாள்.

பக்தா மட்டும் ஒதுங்கி நின்றான். எல்லோரும் உள்ளே போகட்டும் என்றிருந்தான் போல. வாசற்படியில் சீனியம்மாள் நின்றாள்.

“சம்பந்தி.”

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். பக்தாவுக்கு யாரைக் கூப்பிடுகிறாள் என்றே புரியவில்லை. நான்தான் முதுகில் குத்தி முன்னால் தள்ளினேன்.

“எல்லாருக்கும் ஆளுக்கொரு வரி வச்சிருக்கீரு. நான் போனா எனக்கு எந்த வரியப் போடுவீரு? கம்ப்யூட்டர்ல கெடக்கிறத எடுத்து என் தலையில கட்டிராதயும்.”

பக்தா யோசித்தான். எப்போதும் அளவெடுக்கிற மாதிரி அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“உங்களுக்குன்னு இன்னும் ஒண்ணும் சிக்கலம்மா. தேடணும். நெறைய படிக்கணும்.”

“அப்படின்னா அவசரமில்ல, பையவே படியும்,” என்றாள் சீனியம்மாள்.